அகராதிக்குப் போன தோப்பு

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் நான் காவலுக்கு இருக்கிறேன். தோப்பு முதலாளியுடையது. சப்பட்டை ரக மாமரம் ஒன்றை மட்டும் என் மகளுக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறேன். காய் பறிக்க ஆட்கள் வருமுன் அவள் அம்மாவின் பழைய சேலைக் கிழிசலை அதில் கட்டிவிடுவேன். அந்த மரத்தை யாரும் தொடமாட்டார்கள்.

மகள் கல்யாணமாகி இங்கிலாந்து போன பிறகும் கட்டத்தான் செய்கிறேன். அணிலும் கிளியும் தின்கின்றன.

பழக் காலத்தில் வந்து போ என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஆனால் போனில் எனக்குப் பேச்சு வராது. "சாப்பிட்டியா" என்பேன், உடனே அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

இந்த வருஷம் முதலாளியின் சொந்தக்காரர் வீட்டில் பழக்கூடையை இறக்கிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். போன் வந்தது.

"அப்பா, இங்க லைப்ரரில ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதி பாத்தேன். அதுல நம்ம தோப்பு இருக்குப்பா!"

"எந்தத் தோப்பு?"

"தோப்புங்கிற சொல்லுப்பா. 'டோப்'னு போட்டிருக்கான். மாமரமெல்லாம் கூட்டமா நிக்கிற இடமாம். தமிழ், தெலுங்குலருந்து வந்துச்சாம். இந்தியாவுக்கு வந்த வெள்ளக்காரவிய எடுத்துட்டுப் போனது. இப்ப இங்க யாருக்குமே தெரியல."

தமிழும் தெலுங்கும் எங்கள் தெருவிலேயே பேசுகிற பேச்சுதான். எனக்குச் சிரிப்பு வந்தது.

"காவக்காரன் எவனும் அதுல இருக்கானான்னு பாரு."

அவளும் சிரித்தாள்.

"மரத்துல இப்பவும் சேலை கட்டுதீகளாப்பா?"

"கட்டியிருக்கேன்."

மதுரை பஸ் ஹாரன் அடித்தபடி உள்ளே வந்தது. ஊரைவிட்டுப் போன அன்று அவளை அந்த பஸ்ஸில்தான் ஏற்றிவிட்டேன்.

"கேக்கலப்பா, சத்தமாச் சொல்லுங்க."

"கட்டியிருக்கேன் தாயி! பழமெல்லாம் உதிருது! வா! ஒரு தடவ வந்துட்டுப் போ!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பூ விற்கிற அம்மா கேட்டார்: "யாரண்ணே வரணும்? இந்தக் கத்துக்கு சாமியே எறங்கி வந்துரும்."

வேறு நாளாக இருந்தால் தூணுக்குப் பின்னால் போயிருப்பேன். "எம் மக" என்றேன்.

"லீவு கேட்டுப் பாக்கேன்ப்பா" என்றாள் மகள்.

மறுநாள் காலையில் அவள் மரத்தில் எட்டுகிற கிளைகளுக்கெல்லாம் வலை கட்டினேன். எட்டாத கிளைகளை அணிலுக்கு விட்டேன்.