கடலில் கொட்டிய தேயிலை

போன மாதம் எங்கள் வீட்டு டிவியில் அமெரிக்க சரித்திரம் தொடராக ஓடியது. என் மகனுக்கு அதில் ஒரே பிடிப்பு. வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான். நானும் பக்கத்தில் இருந்து கப்பல், காடு, துப்பாக்கி என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைப் பெட்டிகளைக் கடலில் தூக்கிப் போடுகிற இடம் வந்ததும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். "என்னம்மா, நல்ல இடத்துல எந்திரிச்சுட்டீங்க?" என்றான். இது நான் ஏற்கெனவே பார்த்ததுதான் என்றேன். எங்கே, எப்போது என்று அவன் விடாமல் கேட்டான். பால் பொங்கப் போகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவனிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

கேரளத்துச் சாந்தன்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், லைன் வீட்டில் பிறந்தவள் நான். அப்பாவுக்குக் கவாத்து வெட்டுகிற வேலை. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். பத்தாவது வரை படித்தவர். எஸ்டேட் ஆபீசில் தற்காலிகமாக எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு, இன்றைக்கு நிரந்தரமாக்குவார்கள், நாளைக்கு நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருந்தார். எங்கள் லைனில் இஸ்திரி போட்ட சட்டை அவருடையது ஒன்றுதான். அது கொடியில் தொங்கினால் பக்கத்தில் ஈரத் துணி காயப்போட அம்மா யாரையும் விடமாட்டாள்.

எமர்ஜென்சி சமயம் அது. யூனியன் ஆபீசில் பூட்டுத் தொங்கியது. பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஊரைப் பார்க்கப் போய், அந்த நாற்காலியில் மலையாளி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் துரை என்கிற பேரை மட்டும் அவர் வழிவழிச் சொத்தாக வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை வந்தால் ஆண்கள் சாராயத்துக்குப் போவதைத் தடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அமெரிக்கா பிறந்து இருநூறு வருஷம் ஆகிறதாம், அதற்காக எடுத்த படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றனவாம். யாரோ நண்பர் மூலமாகப் பெட்டி பெட்டியாக வரவழைத்துவிட்டார். சாராயத்துக்குப் பதில் சரித்திரம்.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுவார்கள். துரையும் துரைசானியும் பின்னால் பிரம்பு நாற்காலியில் உட்காருவார்கள். நாங்கள் சாக்கை விரித்துத் தரையில் உட்காருவோம். படம் முழுக்க இங்கிலீஷ். அதனால் மாமா கையில் மைக்கைக் கொடுத்து, தமிழில் சொல்லச் சொன்னார் துரை. இது நன்றாக நடந்தால் வேலை நிரந்தரமாகிவிடும் என்று ஆபீசில் பேச்சு. மாமா படத்துக்கு முந்தின நாள் முழுக்கத் தொண்டைக்கு மிளகுக் கஷாயம் குடித்தார்.

முதல் சனிக்கிழமை கப்பல் வந்தது. அலையில் அது ஆடுவதைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விசும்பினாள். பிறகு இன்னொருத்தி. கண்டித் தேயிலைக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. மாமா, இது வேறே கப்பல், இவர்கள் சாமி கும்பிட இடம் தேடிப் போகிறார்கள் என்று மைக்கில் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. தலையில் இறகு கட்டிய ஆட்கள் வந்தபோது சிறுவர்கள் சீழ்க்கை அடித்தார்கள். அவர்களுடைய நிலத்தில் மற்றவர்கள் வேலி போடுவதைக் காட்டியபோது ஆண்கள் பக்கம் சத்தமே இல்லை. துரை மட்டும் நல்ல போட்டோ பிடித்திருக்கிறான் என்று துரைசானியிடம் சொன்னார்.

இரண்டாவது சனிக்கிழமைதான் அந்தத் தேயிலை.

கப்பலில் கட்டுக் கட்டாகப் பெட்டிகள். ஆட்கள் ஏறி, கோடாலியால் பெட்டிகளைப் பிளந்து, அப்படியே தண்ணீரில் கவிழ்த்தார்கள். பிறந்ததிலிருந்து கொழுந்தும் கூடையுமாக இருக்கிற ஜனங்கள். ஒரு வயசாளி, "ஈரம் பட்டா போச்சே, போச்சே" என்று பாதி எழுந்துவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே வசவு. அந்த இலையைப் பறித்த கை யாருடையதோ, எத்தனை அட்டை கடித்ததோ என்று அம்மா தன் பங்குக்கு முணுமுணுத்தாள். என்னைக் கேட்டால் அன்றைக்கு அந்தக் களத்தில் அமெரிக்காவுக்கு ஒரு ஆள்கூட ஆதரவில்லை.

மாமாதான் நிலைமையைச் சமாளித்தார். "யாரும் வையாதீங்க. அவுகளக் கேக்காமலே சீமை ராசா தேயிலைக்கு வரி போட்டுட்டாரு. எங்களக் கேக்காம எங்க மேல எப்படிப் போடலாம்னு கொட்டுறாக" என்று மைக்கில் சொன்னார். வசவு நின்றது. துரையும் தலையாட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது மூடுபனி கட்டியிருந்தது. மாமா டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போனார். அம்மா திடீரென்று, "கேக்காமப் போட்டதுக்கா அம்புட்டையும் கொட்டுனாக?" என்றாள்.

"ஆமாக்கா."

"நம்ம கொழுந்துல கழிவு போடுறாகளே, அத யாரு கேட்டுப் போட்டாக?"

மாமா டார்ச்சை அணைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "மெள்ளப் பேசுக்கா" என்றார்.

அந்தக் கழிவைப் பற்றிச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் கொழுந்து நனைந்திருக்கும். அதனால் நிறுக்கும்போது தண்ணீருக்கென்று ஒரு எடையைக் கணக்கப்பிள்ளை கழித்துவிடுவார். கழிப்பது நியாயம்தான், ஆனால் எவ்வளவு என்பது அவர் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தார் என்பதைப் பொறுத்தது. அதோடு நின்றால் பரவாயில்லை. சில கூடைகளை முத்தல் இலை என்று தள்ளிவிடுவார். தள்ளியதைக் கொட்டகை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போக வேண்டும், பேரில் எடை ஏறாது. சாயங்காலம் அந்தக் குவியலும் நல்ல இலையோடு சேர்ந்து லாரியில் ஃபாக்டரிக்குப் போகும். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை, என் அம்மா உட்பட.

அம்மா அதிகம் பேசாதவள். முந்தின மழையில் என் தம்பி காய்ச்சலில் போனான். நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளை. அன்றைக்கு அவளுக்கு லீவு கொடுக்கவில்லை. மத்தியானம் மலையிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அவள் வந்து சேரும்போது பிள்ளை இல்லை. காரியம் முடிந்த மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றாள். அழுது யாரும் பார்க்கவில்லை. நல்ல திடமான பொம்பளை என்று லைனில் அப்போது சொன்னார்கள்.

படம் பார்த்த அடுத்த வாரம் பள்ளிக்கூடம் மழையால் விடுமுறை. அம்மாவுக்குப் பாலில்லாத கட்டங்காப்பி எடுத்துக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்குப் போயிருந்தேன். தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அம்மாவின் முறை வந்தது. கணக்கப்பிள்ளை கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். "முத்தல். ஓரமாக் கொட்டு" என்றார்.

"நல்லாப் பாருங்க. எல்லாம் இளங்கொழுந்து" என்றாள் அம்மா.

"கொட்டுன்னா கொட்டு."

அம்மா கூடையைத் தூக்கினாள். குவியலுக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் ஓடைக்கு மேலே மரப்பாலம் ஒன்று உண்டு. அதில் ஏறி நின்று கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கலங்கல் தண்ணீரில் பச்சை பரவிக்கொண்டு போனது. "கேக்காமப் போடுற கழிவுக்கு எங் கொழுந்து இல்ல" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி வரிசையைப் பார்த்தாள். படத்தில் ஒருவர் கொட்டியதும் பின்னாலேயே அத்தனை பேரும் கொட்டினார்கள் அல்லவா. இங்கே ஒருத்திகூடக் கூடையை இறக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி தன் கூடைக் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கும் வீடு வேண்டும்.

வீடுதான் விஷயம். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் பேரும் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் இருந்தால்தான் லைன் வீடு என்பது அங்கே எழுதாத சட்டம். அம்மாவின் பேரை வெட்டினால் நாங்கள் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டும். ஊர் என்று சொல்லிக்கொள்ள அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பேர்தான் இருந்தது. அங்கே ஒரு கூரைகூடக் கிடையாது.

மறுநாள் காலைப் பெரட்டில் விசாரணை. அப்பா தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா அவருக்குப் பின்னால். நான் அவள் சேலையைப் பிடித்திருந்தேன். துரை ஜீப்பிலிருந்து இறங்கி, "நீ எந்தினா கொழுந்து களஞ்சது?" என்று, எதற்குக் கொட்டினாய் என்பதை மலையாளத்தில் கேட்டார். உடனே மாமா பக்கம் திரும்பினார். "சினிமா கண்டிட்டு படிச்சதா? நீயா படிப்பிச்சு கொடுத்தது?"

மாமாவின் இஸ்திரிச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் துரைக்கு அருகில் போய் இங்கிலீஷில் நிறைய நேரம் பேசினார். இங்கிலீஷில் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் நம்பிக்கை. துரையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பிறகு அவர் கூட்டத்தைக் காட்டி, எல்லாரும் கேட்கும்படி தமிழில் சொல்லு என்றார். படத்துக்குச் சொன்னது போலவே மாமா இதற்கும் சொன்னார்.

"எங்க அக்காவுக்கு ஒண்ணும் வெளங்காது. போன மழையில பையன் செத்ததுல இருந்து புத்தி சரியில்ல. கோட்டி. செய்றது இன்னதுன்னு தெரியாமச் செஞ்சுட்டா."

துரை அம்மாவிடம், அப்படியா என்கிற மாதிரி, "ஆணோ?" என்றார்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். அப்பாவின் முதுகைப் பார்த்தாள். குனிந்து என்னையும் ஒரு தரம் பார்த்தாள். "ஆமாய்யா" என்றாள்.

துரை மோசமான மனுஷன் இல்லை. பாவம் என்று நாக்கைச் சப்புக்கொட்டினார். பேரை வெட்டவில்லை. கொழுந்திலிருந்து எடுத்துக் களைவெட்டுக்குப் போட்டார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு, இவளுக்கு மாத்திரை கொடு என்றார். ரோஸ் நிறத்தில் மாத்திரை, சாப்பிட்டால் பகலெல்லாம் தூக்கம் வரும். கம்பவுண்டர் முன்னால் நின்று விழுங்கிக் காட்ட வேண்டும். மாமாவுக்கு அந்த மாசமே வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு அம்மா எதைச் சொன்னாலும், தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் நியாயம் சொன்னால்கூட, "விடு, அது கோட்டி" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் அந்த வீட்டில் இருந்த காலம்வரை அவளும் கோட்டியாகவே இருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கோ ஒரே சந்தோஷம். மாமா இங்கிலீஷில் பேசி அம்மாவைக் காப்பாற்றிவிட்டார் என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

விசாரணை நடந்த அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் வழக்கம்போலச் சாப்பிட உட்கார்ந்தோம். கருவாட்டுக் குழம்பு. அம்மா மாமாவுக்குத்தான் முதலில் போட்டாள், எப்போதும் அப்படித்தான். மாமா தலையைத் தூக்காமல் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏந் தம்பி, அந்தத் தேயிலையக் கொட்டுனவனுகள அப்பறம் என்ன செஞ்சாக?" என்று அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?"

"சும்மா சொல்லு."

தட்டைப் பார்த்தபடியே மாமா சொன்னார். "செயிச்சுட்டாக. தனி நாடே வாங்கிட்டாக. இப்ப அவுகளத்தான் எல்லாரும் கொண்டாடுறாக."

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"அவனுகள யாரும் கோட்டின்னு சொல்லலியா?"

அப்பா எழுந்து வெளியே போனார். மாமாவின் கை சோற்றுக்குள்ளேயே இருந்தது. நானும் பதிலுக்காக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கைப் பிடித்து அத்தனை பேருக்கும் கதை சொன்னவருக்கு இந்த ஒன்று தெரியாமல் போய்விட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை படத்தில் அது வந்துவிடும், அப்போது மாமா சொல்லுவார் என்று அம்மாவிடம் சொன்னேன்.