சூசை அண்ணாச்சி தீ காட்டவில்லை

சூசை அண்ணாச்சி இறந்த செய்தி மத்தியானம் வந்தது. துறைமுகச் சாலையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ராசா போன் செய்து, "அண்ணாச்சி போயிட்டாரு. ஆஸ்பத்திரியில இருந்து இப்பந்தான் கொண்டாந்திருக்கு. நாளைக்கு அடக்கம்" என்றான். நெஞ்சில் சளி கட்டிச் சில நாட்களாகவே மூச்சுக்குச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கத்துக்கு இருபது பேர் வந்திருந்தால் அதிகம். கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் மற்றவரிடம், "தருவைகுளத்துக்காரனக் கொன்ன மெக்கானிக் இவருதான?" என்று கேட்டார். அவர் "ஆமா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். என் பெயர் முத்து. அண்ணாச்சியின் ஷெட்டில் பல வருடம் கூட வேலை பார்த்தவன். போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. ஒரு வரி முடிந்ததும் அதைத் திரும்பப் படித்துச் சந்தோஷப்படுகிறேன். எழுதுகிற விஷயம் சந்தோஷமானது அல்ல.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. மீன் பெட்டி ஏற்றுகிற வண்டிகளில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் அடியில் ஒழுகும். மேலே பெயிண்ட் பளபளக்கும். குனிந்து பார்த்தால் எல்லாம் துரு. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புக் கையை லோயர் ஆர்ம் என்போம். அதைக் கோத்திருக்கும் போல்ட் துருவில் இறுகிவிட்டால், மற்ற ஷெட்காரர்கள் கையை விரித்து அண்ணாச்சியிடம் அனுப்புவார்கள்.

அவர் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பார். டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றுவார். ஈரத் துணியைச் சுற்றி வைத்து இரண்டு நாள் காத்திருப்பார். நடுநடுவே சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். கழற்றும்போதும் முதலில் ஒரு நூல் இறுக்கிவிட்டுத்தான் தளர்த்துவார். வண்டிக்காரர்களுக்குப் பொறுமை இருக்காது.

"என்ன அண்ணாச்சி, போல்ட்டுக்குத் தாலாட்டா பாடுதிய?"

"ஒறங்கட்டும்லே. ஒறங்குனாத்தான எந்திரிக்கும்" என்பார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "தீ காட்டுன இரும்பு திரும்ப வண்டியில ஏறக்கூடாது." சூடுபட்ட இரும்பு ஒரு நாள் சொல்லாமல் முறியும் என்பார். வேறு வழியில்லாமல் கேஸ் தீயால் சூடுகாட்டிக் கழற்றினால், அந்த ஆர்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு ஆர்ம்தான் மாட்டுவார்.

தருவைகுளத்து ஆரோக்கியம் தன் பழைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்த அன்று அண்ணாச்சி ஊரில் இல்லை. அக்காள் இறந்து மணப்பாட்டுக்குப் போயிருந்தார். ஆரோக்கியம் விடியற்காலையில் மீன் ஏற்றுவான். பகலில் கப்பல்காரர்களுக்கு வண்டி ஓட்டுவான். லோயர் ஆர்ம் போல்ட் துருவில் இறுகியிருந்தது. மறுநாள் அவனுக்குச் சவாரி இருந்தது. நான் ஆயில் ஊற்றிவிட்டு இரண்டு நாள் ஆகும் என்றேன்.

"அண்ணாச்சி இல்லன்னா ஒமக்குக் கை ஓடாதோ?" என்று சிரித்தான்.

அந்தச் சொல் எனக்குத் தைத்தது. கேஸைப் பற்றவைத்தேன். ஆர்ம் சிவக்கச் சிவக்கக் காட்டினேன். போல்ட் அசையவில்லை. பக்கத்தில் வாளியில் இருந்த உப்புத் தண்ணீரை அப்படியே அதன் மேல் ஊற்றினேன். புகை அடங்கியதும் ஒரே அடி. போல்ட் வெளியே வந்து விழுந்தது.

ஆரோக்கியம் கையைத் தட்டினான். "பாத்தீரா! இதுக்குப் போயி ரெண்டு நாளாம்!"

சூடுபட்ட இடம் நீலம் பாய்ந்திருந்தது. அதன் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். அதே ஆர்மைப் புதுப் போல்ட்டில் கோத்து அனுப்பினேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்து, "ஆரோக்கியம் வண்டி போல்ட்டு எப்படிலே விட்டுச்சு?" என்று கேட்டார்.

"ஆயில்லயே விட்டுட்டு, அண்ணாச்சி."

"தீ காட்டலல்லா?"

"இல்ல."

அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு போனில் வண்டியை நிறுத்தியிருப்பார். ஆரோக்கியம் அதற்குப் பிறகும் ஒரு வாரம் ஓட்டினான். பிறகு உப்பளச் சாலையில் அந்த ஆர்ம் இரண்டாக முறிந்தது. கார் வாய்க்காலில் கவிழ்ந்தது. அவனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

ஸ்டேஷனில் முறிந்த இரும்பைக் காட்டினார்கள். அண்ணாச்சி நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். நீலம் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. "இத மாட்டுனது யாரு?" என்று கேட்டதற்கு, "நாந்தான்யா" என்றார்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாளித் தண்ணீர் ஊற்றியது வரை எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "விடுலே. போர்டுல எம் பேருதான இருக்கு. நான் குனிஞ்சு பாத்திருக்கணும். ஒன் வாயக் கேட்டுட்டு விட்டுட்டேன்" என்றார்.

அண்ணாச்சிதான் அந்த வேலையைச் செய்தார் என்று என் வாக்குமூலமாக எழுதியிருந்ததைப் போலீஸ்காரர் எனக்கு வாசித்துக் காட்டினார். எழுத்துத் தெரியாதவன் என்று நான் தப்பிக்க முடியாது. காதால் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் பெருவிரலை வைத்தேன். அண்ணாச்சி பத்து மாதம் சிறையில் இருந்தார்.

திரும்பி வந்தபோது ஷெட் இல்லை. மற்றவர்கள் ஷெட்டில் ஓரமாக உட்கார்ந்து, இறுகிய போல்ட்டுகளைத் தட்டிக் கொடுத்துப் பிழைத்தார். என்னிடம் முகம் திருப்பியதில்லை. ஒரே ஒரு முறை, நான் கை கழுவ வாளியைத் தூக்கியபோது, "ஏலே, எதுமேலயும் ஊத்திறாத" என்றார். ஷெட்டே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

போன வருடம் நான் என் பெயரை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்குலே. இனி பெருவிரல் வேண்டாம் என்னா?" என்றார். அவர் உயிரோடு இருக்கும்போதே நான் எழுதியிருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் தருவைகுளத்துக்குப் போனேன். ஆரோக்கியத்தின் மனைவி மரியபுஷ்பம் முற்றத்தில் கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. கூடை காலியான பிறகுதான் பேசினார்.

"இத்தன வருசமா பூசைக்குப் பூச அந்த மனுசன சபிச்சிருக்கேன்."

காலிக் கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

"ஊரு பேசுனதக் கேட்டுட்டும் சும்மா இருந்தாராக்கும்?"

"ஆமாம்மா. இத எழுதப் போறேன்."

"எழுதும். எம் புருசன் பேரையும் போட்டு எழுதும்." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "அவர எங்கன பொதைச்சிருக்கு? காட்டும்."

பஸ்ஸில் எனக்குத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று, "நீரு உள்ள வராதியும்" என்றார்.

நான் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் புது மண் மேட்டைக் கண்டுபிடித்து மெழுகுவத்தியை ஊன்றினார். கடல்காற்றில் அது அணைந்தது. மறுபடியும் கொளுத்தினார். மறுபடியும் அணைந்தது. பிறகு மணலில் உட்கார்ந்து, முந்தானையை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு, அது உருகித் தீரும்வரை எழுந்திருக்கவில்லை.

போய் வாருங்கள், அண்ணாச்சி. நான் வெளியேதான் நிற்கிறேன்.