கைரவானின் சிறிய குளம்

துனீசியாவின் சூஸ் நகரக் கடற்கரை விடுதியில் நாங்கள் ஐந்து நாட்கள் தங்கினோம். முதல் மூன்று நாட்கள் எனக்கு ஓய்வே இல்லை. இயல்பிலேயே அதிகம் பேசாதவளான எனக்கு, இரண்டு ஆண்களின் பேச்சையும் சேர்த்துச் சுமக்கும் வேலை வாய்த்திருந்தது.

அண்ணன் அந்நாட்டில் சாலை போடும் நிறுவனமொன்றில் பொறியாளன். உத்திரமேரூரில் எங்கள் கழனியை அவன் பார்த்துக்கொள்வான் என்று நைனா நம்பியிருந்தார். அவனோ விசா கைக்கு வந்த பிறகுதான் வீட்டில் சொன்னான். அன்று நின்றுபோன பேச்சு இரண்டு ஆண்டுகளாகியும் தொடங்கவில்லை. நான் எம்.ஏ. முதலாண்டுத் தேர்வு எழுதி முடித்த கோடையில், அண்ணன் மூவருக்கும் பயணச்சீட்டு அனுப்பினான். மாடுகளை விட்டு வர முடியாதென்று அம்மா மறுத்துவிட்டாள். பெண்ணைத் தனியே அனுப்ப முடியாது என்பதால் நைனா வந்தார். எனக்குத் துணையாக மட்டுமே வருவதாக விமானத்தில் இருமுறை சொன்னார். அம்மா என்னிடம் சொல்லி அனுப்பியது வேறு.

"ரெண்டு பேரையும் பேச வெச்சுட்டு வா."

முதல் நாள், கடற்கரையில் அரைகுறை ஆடையுடன் வெயில் காய்ந்த வெள்ளைக்காரர்களைக் கண்டதும் நைனா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கடலுக்கு முதுகு காட்டி, விடுதிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இவங்களையெல்லாம் வூட்ல கேக்கறதுக்கு ஆளே இல்லியான்னு உங்கண்ணனக் கேளும்மா."

இரண்டு முழத் தொலைவில் இருந்த அண்ணன், "அவங்க ஊர்ல வெயிலே கிடையாதுன்னு சொல்லு" என்றான்.

சொன்னேன்.

"அதுக்கு இங்க வந்து வடகமா காயணுமான்னு கேளு."

எல் ஜெம் என்ற ஊரின் ரோமானிய அரங்கத்தில், அந்த மாபெரும் கல் வளையத்தின் நடுவே நின்றுகொண்டும் என் வழியாகவே பேசினார்கள். சொற்களை மாற்றாமல் கொண்டுசேர்த்தேன். குரலில் இருந்த கசப்பை மட்டும் வழியிலேயே விட்டுவிடுவேன்.

நான்காம் நாள் கைரவான். ஊரின் ஓரத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய இரண்டு வட்டக் குளங்கள் ஒட்டியபடி இருந்தன. ஒன்று மிகப் பெரியது, மற்றது சிறியது. மலையிலிருந்து கால்வாயில் வந்த நீரை ஊருக்காகச் சேமித்தவை. வந்ததிலிருந்து எதையும் நின்று பார்க்காத நைனா, கரையைச் சுற்றி நடந்தார். குனிந்து, இரண்டுக்கும் இடையிலிருந்த திறப்பைப் பார்த்தார். எங்கள் ஏரியின் மதகைத் திறந்து மூடும் பொறுப்பு பல ஆண்டுகள் அவரிடம் இருந்தது.

"பெருசு ஊருக்கு, சின்னது குதிரைங்க குடிக்கன்னு சொல்லு" என்றான் அண்ணன்.

நான் வாய் திறப்பதற்குள் நைனா அவன் பக்கம் திரும்பிவிட்டார்.

"இன்னாடா சொல்ற? குதிரை குடிச்ச தண்ணியவா ஊருக்கு உடுவான்? கால்வா எதுல வந்து சேருது பாரு. சின்னதுல. வண்டலு அதுல தங்கிடும், தெளிஞ்ச தண்ணி பெருசுக்குப் போவும். இதுகூடத் தெரியாம இன்னாடா இஞ்சினீரு நீ?"

அண்ணன் என்னைப் பார்க்காமல் நைனாவையே பார்த்தான்.

"நான் ரோடு போடறவன் நைனா. தண்ணி வேலை தெரியாது."

"காலைல வந்தமே, குண்டும் குழியுமா கீதே, அது நீ போட்டதா?"

"ஐயோ, அது நான் போட்டது இல்ல நைனா!"

நான் கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். முதுகிலிருந்து நெல் மூட்டையை இறக்கிவைத்தது போலிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் வண்டலை எப்போது வாருவது என்று வாதாடினார்கள். ஒருவரும் என்னிடம் 'சொல்லு' என்று சொல்லவில்லை. பின் இருக்கையில் இருந்து ஒலிவ மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"நம்ம கெணத்துல தண்ணி எறங்கிப்போச்சு, தெரியுமா?" என்றார் நைனா.

"அம்மா எழுதினாங்க."

"அவ எழுதனா? நான் சொல்றேன் கேளு."

மாலையில் நைனா கடற்கரை நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். பக்கத்தில் அண்ணனுக்கும் ஒன்று. நான் அறைக்குச் சென்று அம்மாவுக்கு அஞ்சலட்டை எழுதினேன்: 'இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கவலைப்படாதே.'