வாளுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஜப்பானிய வாள் இருக்கிறது. யாரிடமும் படிக்காமல், பஸ் ஓட்டுகிற இந்தக் கைகளால் நானே தீட்டிய வாள். தற்பெருமை என்றால் தற்பெருமைதான், இருக்கட்டும்.

நோர்வேயில் நாங்கள் இருக்கும் ட்வெய்ட்டாவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பழைய சாமான் சந்தை நடந்தபோது, பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு நடுவில் அது கிடந்தது. உறையும் இல்லை, பிடியும் இல்லை, உடம்பெல்லாம் துரு. மனைவிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“எத்தினை பேரை வெட்டினதோ! வேற சாமான் கிடைக்கேல்லையே உங்களுக்கு?”

அடுக்குமாடியின் நிலவறையில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். தண்ணீர் தெளித்துக் கல்லில் தேய்க்க வேண்டும். அது முடிந்தால் அதைவிட மென்மையான கல், பிறகு இன்னும் மென்மையானது. பழைய வாள்களை அறிந்த நோர்வேக்காரர் ஒருவரைக் கேட்டேன். பழகாதவர் தொட்டால் வாள் கெட்டுவிடும் என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

அடுத்த குளிர்காலத்தில், வெட்டும் விளிம்பை ஒட்டி, வெள்ளையாக ஓர் அலைக்கோடு தெரிந்தது. செய்த கொல்லன் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தபோது விழுந்த கோடு அது. அது அழிந்திருந்தால் வாள் வெறும் இரும்பு. அழியவில்லை! தனியே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகும் மாதக்கணக்கில் தேய்த்துத் துலக்கிவிட்டு, வந்து பாருங்கள் என்று அந்த மனிதரை அழைத்தேன்.

அவர் வருவதற்கு முதல்நாள் ஆயுத பூசை. வேலை முடிந்து வந்து பார்த்தால், சாமிப் படங்களுக்கு முன்னால் தையல் மெசின், குறடு, சுத்தியல், அவற்றோடு என் வாளும் இருந்தது. துருப்பிடிக்காமலிருக்க நான் பூசிய எண்ணெயை மனைவி பிசுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு, அலகில் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். காலையில் வைத்த பொட்டுகள். துடைத்தேன். கீழே பழுப்பாகக் கறை.

“என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்!”

அவள் முகம் வாடிவிட்டது. “நாளைக்கு அந்த ஆள் வாறாரெல்லோ. உங்கடை வேலையைப் பாத்திட்டு நல்லாச் சொல்லவேணும் எண்டு கும்பிட்டு வைச்சனான்.”

அதற்குமேல் எப்படிக் கோபிப்பது? மாவாக அரைத்த கல்லை விரலில் தொட்டுத் தேய்த்தேன். மற்றக் கறைகள் போயின. கோட்டின்மேல் இருந்த ஒன்று மட்டும் போகவில்லை. இன்னும் தேய்த்தால் கோடும் சேர்ந்து மங்கும். விட்டுவிட்டேன்.

மறுநாள் அவர் வாளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். “உன்னைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்” என்றார். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பிறகு கறையைக் காட்டி, தேர்ந்தவர்களிடம் கொடுத்தால் இதையும் எடுத்துவிடுவார்கள் என்றார். மனைவி தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

“வேண்டாம்” என்றேன்.

இப்போது யார் வந்து வாளைப் பார்க்கக் கேட்டாலும் முதலில் அந்தக் கறையைத்தான் காட்டுகிறேன். கோடெல்லாம் அதற்குப் பிறகுதான்.