சாரலில் உறைந்த எண்ணெய்

தென்காசியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மைக்ரோஸ்கோப்போடு வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிறேன். அதன் பெரிய லென்ஸில் பார்க்க, ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இடையில் காற்று இருந்தால் வெளிச்சம் வளைந்து சிதறிவிடும். எண்ணெய் அதைச் சிதறாமல் லென்ஸுக்குள் சேர்க்கும். அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. தீர்ந்துபோனால் தேங்காய் எண்ணெயை விட்டுச் சமாளிப்பேன். சாரல் காலத்தில் மட்டும் அது உறைந்து காலை வாரிவிடும்.

போன சாரலில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்வந்ததிலிருந்து என் மனைவிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. அருவியில் ஆட்டம் போட்டால் இப்படித்தான் என்று கேலி செய்தேன். ஒரு நாள் காலையில் அவள் விரலில் குத்தி, ஸ்லைடில் ரத்தத்தைத் தேய்த்து, சாயம் போட்டுப் பார்த்தேன். ஒரே மங்கல். மங்கலுக்குள் பெரிய பெரிய ஊதா உருண்டைகள். இந்தப் பாழாய்ப்போன தேங்காய் எண்ணெய் உறைந்து செய்கிற வேலை என்று திட்டினேன். அவளிடமும் அதையே சொன்னேன்.

சுரண்டையில் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் நண்பரிடம் நல்ல எண்ணெய் வாங்கிவந்தேன். ஸ்லைடின் மேலிருந்த பழைய எண்ணெயை மட்டும் துடைத்து, புதியதை விட்டு மறுபடி வைத்தேன். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. உருண்டைகள் அப்படியேதான் இருந்தன. ரத்தத்துக்குள் வந்திருக்கவே கூடாத, முதிராத வெள்ளணுக்கள் அவை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

அவளிடம் ஒன்றும் சொல்லாமல் ஸ்லைடோடு திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன். அங்கே மெடிக்கல் காலேஜில் எனக்குத் தெரிந்த டாக்டரிடம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ரோஸ்கோப் இருந்தது. அவர் பக்கத்தில் நகர்த்திய அம்புக்குறி என் பக்கத்திலும் நகர்ந்தது. ஒரு செல்லின் மேல் அதை நிறுத்தி, உட்கரு செல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருப்பதைக் காட்டினார். ரத்தப் புற்றுநோய்தான், சந்தேகமில்லை என்றார். சாயம் நன்றாக ஏறியிருப்பதாக என்னைப் பாராட்டவும் செய்தார்.

"இவ்வளவு தெளிவா ஸ்லைடு கிடைக்காது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வச்சுக்கிடுதேன். பேஷன்டை அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. யாரு, உங்க ஊர்க்காரங்களா?"

"என் வீட்டுக்காரி, சார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஸ்லைடை எடுத்து, காகிதத்தில் சுற்றி, என் கையில் வைத்தார்.

"இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."