பானெட்டில் வைத்த கை

நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் நட்டமில்லை. இது என் தங்கை கணவருக்கு, அதாவது என் மச்சானுக்கு, நடந்தது. மச்சான் டைல்ஸ் ஒட்டுகிற ஆள். அவருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்நேரம் கான்ட்ராக்டர் ஆகியிருப்பார்.

அவருக்கு ஒரு பிக்கப் வண்டி தேவைப்பட்டது. கட்டிங் மெஷின், சிமென்ட் மூட்டை, டைல்ஸ் பெட்டி என்று எல்லாவற்றையும் வாடகை வண்டியில் ஏற்றி இறக்கியே சம்பாத்தியத்தில் பாதி போய்க்கொண்டிருந்தது. இதற்கு முன் ஒரு பழைய லோடு வண்டி வாங்கி, ஒரு மாதம்கூட ஓடாமல் இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. விற்றவன் போனையே எடுக்கவில்லை. இந்தத் தடவை கையில் இருந்தது என் தங்கை வளையலை விற்ற காசு. இதுவும் போனால் குடும்பமே தெருவில்தான்.

அதனால் மெக்கானிக்கிடம் யோசனை கேட்டார்.

“பழைய டீசல் வண்டியா? சொல்லாம கொள்ளாம விடியக்காலைல போய் நில்லுங்க,” என்றார் மெக்கானிக். “மொதல்ல பானெட்டுல கைய வைங்க. சில்லுனு இருக்கணும். சூடா இருந்தா, ஆறின இன்ஜின்ல ஸ்டார்ட் ஆகாத வண்டின்னு அர்த்தம். நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி ஏமாத்தப் பாக்கறாங்க. விலைய நல்லா வெட்டுங்க, இல்லன்னா வந்த வழியே திரும்பிடுங்க.”

வண்டி இருந்தது ஒரு சந்தின் கடைசி வீட்டில். பதினாலு வருடப் பழசு. வீட்டுக்குப் பக்கவாட்டில் தகர ஷெட், அதற்குக் கதவு கிடையாது. மச்சான் போனபோது இன்னும் சரியாக வெளுக்கவில்லை, நல்ல குளிர். வண்டியின் கூரையில், கண்ணாடியில், பின்னால் தொட்டியில், எங்கும் பனி கோத்து நின்றது. பானெட் மட்டும் காய்ந்து கிடந்தது.

கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். அப்படி ஒரு சூடு!

துடைப்பத்தோடு ஒரு அம்மா வெளியே வந்தாள்.

“எப்பங்க ஸ்டார்ட் பண்ணீங்க?” என்று கேட்டார் மச்சான்.

“யாரு பண்றது? வீட்டுக்காரர் போய் எட்டு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் யாரும் தொடல.”

“சூடா இருக்கேம்மா?”

அவள் முகம் வாடிப்போனது. “வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. சொல்லிட்டு அடிமாட்டு விலைக்குக் கேக்கறாங்க. மூணேகால் லட்சம் சொல்றேங்க. மூணுக்குக் கொறஞ்சா கட்டுப்படியாகாது. அவர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டை அடமானம் வச்சிட்டேன். மூணு கட்டினாத்தான் வீடு நிக்கும்.”

மச்சான் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். வண்டி விற்கிற எல்லார் வீட்டிலும் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கத்தான் செய்கிறது. சூடான வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்து என்ன பிரயோஜனம்? இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அந்த இன்னொரு நாள் இன்னும் சீக்கிரமே போனார். பைக்கைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்து, எதிர்ச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். கையும் களவுமாகப் பிடிக்கிற எண்ணம். வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. யாரும் வரவில்லை. இன்ஜின் சத்தம் எதுவும் இல்லை. கால் மணி நேரம் அப்படியே நின்றார். பிறகு ஷெட்டுக்குள் போனார்.

டிக்… டிக்… டிக்…

ஓடி நின்ற இன்ஜின் ஆறும்போது இரும்பு போடுமே, அந்தச் சத்தம்.

பானெட் கொதித்தது. குனிந்து சைலன்சர் குழாயில் விரல் வைத்தார். ஐஸ் மாதிரி இருந்தது. இன்ஜின் ஓடியிருந்தால் முதலில் சுடுவது அந்தக் குழாய்தான். மச்சானுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்தது பானெட்டின் சூடு மட்டும்தான்.

கதவைத் தட்டினார். “சாவி எங்கம்மா?”

“தம்பிகிட்ட இருக்கு. அவன் வெளியூரு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன், ஓட்டிப் பாருங்க.”

“சாவி வெளியூர்ல, வண்டி இங்க சுடுது. என்னைப் பாத்தா இளிச்சவாயனாத் தெரியுதா? ரெண்டு தரேன். அதுக்கு மேல பேச்சே இல்ல.”

“என் புள்ளைங்க மேல சத்தியமா…”

“சத்தியம் எல்லாம் எதுக்கும்மா. விலையச் சொல்லுங்க.”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய தம்பி சாவியைக் கொடுத்தான். மச்சான் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தான். மச்சான் தன் பைக்கை அங்கே விட்டுவிட்டு, தனியாக ஓட்டிக்கொண்டு போனார்.

வண்டி ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. பின்னால் வருவதைப் பார்க்கிற உள்கண்ணாடி யாரோ நெட்டை ஆளுக்கு வைத்தமாதிரி இருந்தது. தனக்குத் தக்கபடி இறக்கி வைத்தார். சந்து தாண்டிப் பார்த்தால் கண்ணாடி மறுபடி மேலே. திருகாணி லூஸ் என்று நினைத்தார். தொட்டுப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது.

மெயின் ரோட்டில் கியர் மாற்ற கிளட்ச்சை மிதிக்கப் போனார்.

பெடல் ஏற்கெனவே கீழே இருந்தது.

அவர் கால் இன்னும் அதில் படவே இல்லை.

தேய்ந்த கிளட்ச், ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டார். தைரியத்துக்கு வாய்விட்டுப் பேசினார். “ரெண்டு பத்து. அதுக்கு மேல சல்லிக்காசு குடுக்க மாட்டேன்.”

“ம்ஹூம்…”

பக்கத்து சீட்டில்.

ஆம்பளைக் குரல். விலை கட்டாதபோது வாயைத் திறக்காமலே சொல்வார்களே, அந்த ம்ஹூம்.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

“ரெண்டு… ரெண்டு பத்து…”

“ம்ஹூம்…”

இந்தத் தடவை காதுக்குக் கிட்டே.

வேறு யாராவது இருந்தால் வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். என் மச்சான் திரும்பி வந்தார். பேயறைந்த மாதிரி முகம், சட்டையெல்லாம் தொப்பலாக வேர்வை. அப்படியும் வாய் என்ன சொன்னது தெரியுமா? “வண்டில ஏதோ சத்தம் வருதும்மா. கிளட்ச்சும் சரியில்ல. ரெண்டு பத்து.” பயத்தையும் விலையில் கழித்த மனுஷன்! பணத்தாசை அவ்வளவு பொல்லாதது, வேறென்ன சொல்ல.

வாரக் கடைசி வட்டிக்காரன் கெடு. அவளுக்கு வேறு வழியில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் வாயைப் பிளந்தார். “தங்கமான இன்ஜின். கிளட்ச் புதுசு மாதிரி இருக்கு. மூணேகால் குடுத்தாலும் லாபம். எப்படி ரெண்டு பத்துக்கு விட்டாங்க?” எவ்வளவு குளிரிலும் வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. ஏமாற்றுவதற்கு அதில் எதுவுமே இருக்கவில்லை.

அடுத்த மாதம் பேட்டரி மட்டும் செத்துப்போனது. மச்சான் அந்தத் தம்பிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே,” என்றான் அவன். “மாமா போன மறுவாரமே பேட்டரிய நான் கழட்டி என் வேனுக்கு மாட்டிக்கிட்டேன். அக்காவுக்குத் தெரியாது. நீங்க ஓட்டிப் பாக்க வர்றீங்கன்னு சொன்னாங்களா, சனிக்கிழமைதான் வந்து ஒரு பழசத் தேடிப் பிடிச்சு மாட்டினேன்.”

“அப்ப… அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி அதுல பேட்டரியே இல்லண்ணே.”

அவர் கை வைத்துச் சுட்ட இரண்டு நாளும்.

என் தங்கை விஷயத்தைக் கேட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: “போய்க் குடுத்துட்டு வாங்க.” அங்கே இங்கே புரட்டி நாற்பதாயிரம் சேர்த்துக்கொண்டு மறுநாள் விடிகாலையில் மச்சான் அந்தச் சந்துக்குப் போனார். வாசலில் மூட்டைகள் கட்டி வைத்திருந்தார்கள்.

அந்த அம்மா பணத்தைப் பார்த்தாள். “இத வச்சு என்ன, கதவு ஒண்ண மட்டும் மீட்கறதா?” என்றாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

மச்சான் பேட்டரி விஷயத்தைச் சொன்னார். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“நான் காலைல சீக்கிரம் வேலைக்குப் போகணும். அவருதான் கொண்டு போய் விடுவாரு. நான் குளிர்ல நடுங்கக் கூடாதுன்னு முன்னாடியே எந்திரிச்சு வண்டியச் சூடு பண்ணி வைப்பாரு. ஒருநாள் தவறினதில்ல.” அவள் ஷெட் பக்கம் திரும்பினாள். “பாவி மனுஷன். நல்லது பண்றேன்னு நெனச்சு என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டாரு. இப்பவும் சுடுதா?”

“இல்லம்மா. எங்க வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒருநாளும் இல்ல.”

அவள் ஷெட்டுக்குள் போனாள். மச்சானும் பின்னால் போனார். வண்டி நின்ற இடம் வெறும் சிமென்ட் தரை. சுற்றிலும் பனியில் ஈரம். நடுவில் மட்டும் காய்ந்த ஒரு வட்டம்.

“பெருக்கும்போது கால்ல பட்டுச்சு. வச்சுப் பாருங்க.”

மச்சான் கையை வைத்தார்.

சுட்டது.

“நாளன்னைக்கு நாங்க காலி பண்றோம்,” என்றாள் அவள். “இவருகிட்ட யாரு சொல்றது?”