கண்ணாடிக்குள் ஆறு நாள்

எனக்குக் கல்யாணமான மூன்றாவது மாதம், நானும் என் கணவரும் கோலா சிலாங்கூர் பட்டணத்தில் கட்டில், சோபா விற்கிற ஒரு தளவாடக் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் குடித்தனம் நடத்தினோம். எண்பதுகளின் நடுப்பகுதி அது. இப்போது யாரிடமாவது சொன்னால் கதை விடுகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள்.

அசாம் ஜாவா பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அவர் பழக்குலை வெட்டுவார், நான் உதிரிப் பழம் பொறுக்குவேன். வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் மாமனாரும் மாமியாரும், இன்னொன்றில் நாத்தனார்கள் இரண்டு பேர். கூடத்து மூலையில் கயிறு கட்டி, என் பழைய புடவை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் நாங்கள். சுவரெல்லாம் பலகை. பக்கத்து வீட்டில் ஒருவர் புரண்டு படுத்தாலும் எங்களுக்குக் கேட்கும். எங்கள் பேச்சும் அப்படித்தானே அவர்களுக்குக் கேட்கும் என்று பயந்து, மூன்று மாதமாக நானும் அவரும் பேசியதெல்லாம் "சாப்டீங்களா", "சட்ட காஞ்சிருச்சா" என்ற அளவில்தான். வருடக் கடைசியில் ஒரு வீடு காலியாகும், தருகிறேன் என்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பட்டணத்தில் அந்தக் கடை திறந்தார்கள். விளம்பரத்துக்காகக் கோலாலம்பூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார் முதலாளி. நம் ஆள்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், மைக்கைக் கையில் பிடித்தால் மூன்று மொழியிலும் கொட்டுவார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஏழு நாள், காலை பத்து மணியிலிருந்து இரவு கடை சாத்தும் வரை கண்ணாடிக்குள் வாழ வேண்டும். முடிந்ததும் அங்கே இருக்கிற கட்டில், மெத்தை, அலமாரி, சோபா எல்லாம் அவர்களுக்கே. இது அவருடைய யோசனை. என் சின்ன நாத்தனார் விளையாட்டாக எங்கள் பேரை எழுதிப் போட, எங்களைத்தான் எடுத்தார்கள்.

ஒப்பந்தத் தாளில் என் கணவர் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். என்னை யாரும் படிக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை உள்ளே போனோம். முன்பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. பின்பக்கம் ஒரே ஒரு கதவு. கடைக்கு வருகிறவர்கள் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று அதை வெளியே பூட்டிவிடுவார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் தட்ட வேண்டும். கடையில் வேலை செய்த மலாய்ப் பெண் வந்து திறப்பாள். கூரையில் சின்ன ஒலிபெருக்கி. தெருவில் அந்தக் கோலாலம்பூர்க்காரர் மைக்கில் பேசுவது மட்டும் அதில் கேட்கும். வேறு சத்தம் எதுவும் கண்ணாடியைத் தாண்டி வராது.

நடைபாதையில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். எங்களை என்ன செய்யச் சொல்லலாம் என்று யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம். மணிக்கு ஒரு சீட்டு எடுத்துப் படிப்பார். நாங்கள் செய்து காட்டினால் எழுதியவருக்கு ஒரு தலையணை உறை. முதல் நாள் சீட்டுகள் சாதாரணமாக இருந்தன. சோபாவை இழுத்து மாற்றிப் போடுங்கள். கட்டிலில் விரிப்பைப் போடுங்கள். இரண்டாம் நாள் "புருசன் பொண்டாட்டிக்குத் தல வாரி விடணும்" என்று வந்தது. அவருடைய பெரிய கை, குலை வெட்டிக் காய்த்துப்போன கை, என் தலையில் சீப்பை வைத்து வகிடு தேடியது. வெளியே எல்லோருடைய வாயும் திறந்து திறந்து மூடியது. சிரிக்கிறார்கள் என்று புரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் நிலையத்தில் இறங்கியவர்கள், மீன் வாங்க வந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள். சிலர் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பார்த்தார்கள். அந்தத் தடங்களை அந்த மலாய்ப் பெண் மணிக்கொரு தரம் துடைத்தாள்.

பக்கத்துக் கடை ஒரு முஸ்லிம் பெரியவருடைய சாப்பாட்டுக் கடை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மதியச் சாப்பாடு அவருடைய பொறுப்பு. பின்கதவு வழியாகத் தானே கொண்டு வந்து வைப்பார். முதல் நாள் வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்.

"சாப்புடுறதையும் பாப்பாங்களாம்மா?"

"ஆமா பாய்."

"அப்ப முதுகக் காட்டி ஒக்காந்து சாப்புடுங்க. சாப்பாடு என்னுது. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து முதுகைக் காட்டித்தான் சாப்பிட்டோம். அப்படி முதுகு காட்டி உட்கார்ந்திருந்த இரண்டாம் நாள்தான் என் கணவர் பேச ஆரம்பித்தார்.

"இங்க நாம பேசுனா யாருக்கும் கேக்காதில்ல?"

"கேக்காது."

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஒனக்குத் தெரியுமா அது?"

எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் தெரியாது. இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்க விட்டார்களாம். கையெழுத்து மட்டும் அவருடைய தங்கை சொல்லிக் கொடுத்தது. "லோரி ஓட்டணும்னு ஆச. லைசன்ஸுக்குப் படிக்கணும்ல, அதான் விட்டுட்டேன்" என்றார். பிறகு பேசிக்கொண்டே இருந்தார். வெட்டுக்காட்டில் பாம்பைப் பார்த்து ஓடியது, பெண் பார்க்க வந்த அன்று என் அண்ணனை மாப்பிள்ளைத் தோழன் என்று நினைத்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். திரும்பிப் பார்த்தால், என் தோள் குலுங்கியதற்கு வெளியே இருந்தவர்கள் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. எங்களுக்குள் நடந்த ஒன்றைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்கிறார்களே என்று இருந்தது.

வியாழக்கிழமை காலை எனக்கு வயிற்றைப் புரட்டியது. கதவைத் தட்டினேன். யாரும் வரவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். கண்ணாடிக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது. இதுவும் ஒரு காட்சி என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு முடியவில்லை. அலங்காரத்துக்கு வைத்திருந்த பூச்சாடியை எடுத்து அதில் வாந்தியெடுத்தேன். என் கணவர் கட்டில் விரிப்பை உருவி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"என்ன ஒடம்புக்கு?"

"நாள் தள்ளிப் போயிருக்குங்க. நாப்பது நாளுக்கு மேல ஆச்சு."

விரிப்பு கீழே இறங்கிவிட்டது. மறுபடியும் தூக்கிப் பிடித்தார்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. க்ளினிக்குல பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"சரி. இது முடியட்டும். செவ்வாக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன். அது வரைக்கும் யாருக்கும் வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. அந்த மலாய்ப் பெண் என்னைப் பின்னால் கூட்டிப் போய் முகத்தைக் கழுவிவிட்டாள். என் வயிற்றைப் பார்த்தாள், புன்னகைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பெண்தான். ஆனால் யாரோ கேட்டபோது சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை போய் உட்கார்ந்தபோது கண்ணாடியின் மேல்பாகத்தில், தெருவைப் பார்த்து, ஒரு துணிப் பதாகை கட்டியிருந்தது. எங்களுக்கு அதன் பின்பக்கம்தான் தெரிந்தது. காலை வெயில் துணியில் பட்டு எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. நான் கடைசியிலிருந்து எழுத்துக் கூட்டினேன். மலாயில் ஒரு வரி, சீனத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. "பாப்பா ஆணா? பெண்ணா? சரியாகச் சொன்னால் தொட்டில் பரிசு."

"என்ன போட்டிருக்கு?" என்றார் அவர்.

படித்துச் சொன்னேன். அவர் கதவை ஓங்கி அடித்தார். கோலாலம்பூர்க்காரர் வந்து பாதி கதவைத் திறந்து நின்றார்.

"டென்ஷன் ஆகாதீங்க லா அண்ணே. ஜனங்க எவ்ளோ சந்தோஷப்படுறாங்க பாருங்க. நேத்து ஒரு நாள்ல மூணு சோபா செட் போச்சு."

"அதக் கழட்டுங்க."

"அக்ரிமென்ட்ல இருக்கு அண்ணே. உள்ள நடக்கறது எல்லாத்தையும் புரொமோஷனுக்கு யூஸ் பண்ணிக்கலாம். நீங்கதானே சைன் பண்ணீங்க?"

என் கணவர் தலை குனிந்தார். அந்த மனிதருக்கு முன்னால் தனக்குப் படிக்கத் தெரியாது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கதவு மூடியது, பூட்டும் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டே நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் சீட்டுகள் எல்லாம் என்னைப் பற்றித்தான். பொண்டாட்டியை நடக்கச் சொல்லுங்கள், நடையைப் பார்த்துச் சொல்கிறோம். பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். நின்றேன். நடந்தேன். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஐந்து நாளில் அந்த ஒலிபெருக்கி சொன்னதும் கால் தானாக எழுந்துவிடும் நிலைக்கு வந்திருந்தேன்.

இரவு வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் சொல்லிவிட நினைத்தேன். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. எங்கள் தோட்டத்து ஆட்கள் லோரியில் ஏறி எங்களைப் பார்க்க வந்துவிட்டார்கள். முப்பது நாற்பது பேர். எல்லோரும் நல்ல உடுப்பு. நடுவில் என் மாமியார், தலையில் பூ வைத்துக்கொண்டு, மகனைப் பார்த்துக் கையாட்டினார். அவருக்கும் படிக்கத் தெரியாது. பதாகையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தபடி நின்றார். பெரிய நாத்தனார் அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

ஒலிபெருக்கி பேசியது. "நம்ம பாப்பாவோட பாட்டி வந்திருக்காங்க! பாட்டி, நீங்க சொல்லுங்க, ஆணா பெண்ணா?"

கோலாலம்பூர்க்காரர் மைக்கை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். மாமியாரின் சிரிப்பு மெதுவாக மாறியதை நான் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் ஏதோ சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு அருகில் வந்து ஏதோ கேட்டார். உதடு மட்டும் அசைந்தது. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. "அத்தே, சொல்லலாம்னுதான் இருந்தேன், அத்தே" என்று நான் கத்தினேன். அவருக்கும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரு முழத் தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய்விட்டார்.

நான் ஓடிப்போய்க் கதவை அடித்தேன். திறக்கவில்லை. கை வலிக்கிற வரைக்கும் அடித்தேன்.

"தள்ளிக்க" என்றார் என் கணவர். கதவை உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கட்டிலிலிருந்து மெத்தையைத் தூக்கிக் கண்ணாடியில் சாய்த்து நிறுத்தினார். அடுத்து அலமாரியைத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போய் அதன் பக்கத்தில் வைத்தார். நான் சோபாவைப் பிடிக்கப் போனேன்.

"நீ தூக்காத! ஒக்காரு."

சோபாவைச் செங்குத்தாக நிறுத்தினார். கட்டில் பலகையைக் கழற்றி மீதி இடைவெளியில் செருகினார். எங்களுக்கென்று வைத்திருந்த அத்தனை சாமானும் சுவராகிவிட்டது. ஒலிபெருக்கியில் அந்த மனிதர் "அண்ணே, என்ன லா இது, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என் கணவர் நாற்காலி மேல் ஏறி ஒயரைப் பிடுங்கினார்.

அந்த இடம் இருட்டாகிவிட்டது. தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகி முதல் தடவையாக அப்படி ஓர் இடத்தில் இருந்தோம். பூட்டிய கதவு பின்னால், கூட்டம் முன்னால். நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் என்னாலதான்" என்றார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பூட்டுத் திறந்தது. சாப்பாட்டுக் கடைப் பெரியவர் நின்றார், பின்னால் என் மாமியார். நடைபாதையில் அழுதுகொண்டிருந்தவரை விசாரித்து, தன் அடுப்படி வழியாகப் பின்சந்துக்குக் கூட்டி வந்து, மதியச் சாப்பாடு கொடுக்கணும் என்று சாவியைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

மாமியார் இருட்டில் என்னைத் தேடினார்.

"ஊரு பூரா தெரிஞ்சதுக்கு அப்பறம்தான் எனக்குத் தெரியணுமா?"

குனிந்து என் கையைப் பிடித்து எழுப்பினார். "எந்திரி. வா வெளிய" என்றார்.

சந்தில் கோலாலம்பூர்க்காரர் ஓடி வந்து வழியை மறித்தார். "இன்னும் ஒரே ஒரு நாள். நாளைக்கு ஒரு நாள் இருந்தா அவ்வளவும் உங்களுக்கு. இப்பப் போனா ஒண்ணும் கெடைக்காது. எழுதியிருக்கு."

"எழுதியிருக்கும்" என்றார் என் கணவர். "எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. யாராச்சும் படிச்சுக் காட்டியிருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்."

அம்மாவும் மனைவியும் கேட்க, பகலில், வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் "வழிய விடுங்க தம்பி, புள்ளத்தாச்சிப் பொண்ணு" என்றதும் ஒதுங்கிக்கொண்டார்.

தோட்டத்து லோரியில் எல்லோரோடும் திரும்பினோம். சாமான் போய்விட்டதே என்று இரண்டொருவர் சொன்னார்கள். மாமியார் பத்து நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் கையால் செய்த ரசம் மட்டும் தினமும் காலையில் என் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

வருடக் கடைசியில் கிராணி சொன்னபடி வீடு கிடைத்தது. பாய் விரித்துத்தான் படுத்தோம். தை மாதம் மகள் பிறந்தாள். மாலையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து என் கணவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவசரப்படாமல் படித்தார். லைசன்ஸ் எடுக்க மூன்று வருடமானது.

அந்த வாரம் மட்டும் என்னை விடவில்லை. கோலா சிலாங்கூர் சந்தையில் காய்கறிக்காரி என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளைத் தட்டினாள். க்ளினிக்கில் தாதி பேர் கேட்பதற்கு முன்பே சிரித்தாள். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தர் என் வயிற்றைக் காட்டி, "நான் ஆம்பளன்னு எழுதியிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். சாமான் வாங்க, பிள்ளைக்கு ஊசி போட, எல்லாவற்றுக்கும் ரோட்டின் எதிர்ப்புறம் நின்று, ஈஜோக் வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தை போகிற பஸ்ஸில் ஏறினேன். தூரம் கூடுதல். வெகு நேரம் காத்திருக்க வேண்டும். என் கணவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.